உருளைக்கிழங்குச் செடியில் மிகைத் தழை வளர்ச்சி

உருளைக்கிழங்குச் செடி (சொலானம் டியூபரோசம்) வழக்கமாக 50 முதல் 80 செ.மீ. உயரம் வரை வளரும். சில பருவங்களில், சில நிலங்களில் அது இடுப்பளவைத் தாண்டி ஒரு மீட்டருக்கும் மேலே நீண்டு, தண்டு தாங்காமல் பாருக்குக் குறுக்கே சாய்ந்துவிடுகிறது. இலை கரும்பச்சையாக மண்டிக் கிடக்கும். தூரைத் தோண்டினால் கிழங்கே இருக்காது, இருந்தாலும் பொடிக்கிழங்காக இருக்கும். இந்நிலையை மிகைத் தழை வளர்ச்சி என்பர். இது நோயன்று. தயாரிக்கும் உணவைக் கிழங்குக்கு அனுப்பத் தொடங்காமல் செடி மேல்நோக்கியே செலவிட்டுக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். ஆகவே உயரத்தைக் குறைக்க வழி தேடுமுன், கிழங்கு பிடிப்பது ஏன் தள்ளிப்போனது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், சில வயல்களில் கூடுதலாக எதுவும் செய்யாமல் காத்திருப்பதே போதும் என்றுகூடத் தெரியவரும்.

கிழங்கு பிடிக்கும் விதம்

உருளைக்கிழங்கு வேரிலிருந்து வருவதில்லை. அது தண்டின் மாற்றுரு. மண்ணுக்குள் புதைந்துள்ள கணுக்களிலிருந்து வெண்ணிற ஓடுதண்டுகள் கிளம்பிப் பக்கவாட்டில் நீள்கின்றன. அவற்றின் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். கிழங்கு பிடிக்கும் வேளை வந்ததும் ஓடுதண்டு நீளுவதை நிறுத்த, வளைந்த நுனிக்குச் சற்றுப் பின்னால் வீக்கம் தொடங்குகிறது. அந்த வீக்கம் ஓடுதண்டின் பருமனைப்போல் இருமடங்கானதும் கிழங்கு பிடித்துவிட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர்.

அந்த வேளையைத் தீர்மானிப்பவை இலைகள். இரவின் நீளத்தையும் வெப்பநிலையையும் உணர்ந்து, கிழங்கு பிடிக்கச் சொல்லும் ஒரு சமிக்ஞையை அவை தண்டின் வழியே கீழே அனுப்புகின்றன. 1950களில் நடந்த ஒட்டுக்கட்டும் ஆய்வுகள் இதைக் காட்டின: கிழங்கு பிடிக்கத் தூண்டப்பட்ட செடியின் கிளையைத் தூண்டப்படாத செடியில் ஒட்டினால், அந்தச் செடியிலும் கிழங்கு பிடித்தது. சோவியத் அறிவியலாளர் மிகயீல் சைலாக்கியான் 1981இல் இன்னும் ஒரு படி மேலே போனார். பூக்கும் பருவத்துக்குத் தூண்டப்பட்ட புகையிலைக் கிளையை உருளைக்கிழங்கில் ஒட்ட, அடியில் கிழங்கு உண்டானது. புகையிலையைப் பூக்கச் சொல்லும் சமிக்ஞையும் உருளைக்கிழங்கைக் கிழங்கு பிடிக்கச் சொல்லும் சமிக்ஞையும் நெருங்கிய உறவினர் என்பது அதனால் தெரிந்தது. தாவர அறிவியலில் இவ்வளவு அழகான ஆய்வுகள் சிலவே. சமிக்ஞையைச் சுமக்கும் புரதம் எஸ்பி6ஏ என்பது 2011இல் உறுதியானது.

இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்வது ஜிப்ரெலின் என்னும் வளர்ச்சி ஊக்கி. தண்டின் கணுவிடைகளை நீட்டுவது அதுதான். ஓடுதண்டின் நுனியில் அதன் அளவு குறைந்தால்தான் அங்கே கிழங்கு பிடிக்கும். மிகையான தழைச்சத்து, வெப்பமான இரவு, நெடும்பகல் ஆகிய மூன்றும் செடியை ஜிப்ரெலினின் பக்கம் சாய்ப்பவை. தழை நீளுவதும் கிழங்கு தாமதிப்பதும் ஏன் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன என்பதற்கு இதுவே விளக்கம்.

ஐரோப்பாவில் நடந்தது

நெடும்பகலின் விளைவுக்கு வரலாற்றிலேயே பெரிய சான்று உண்டு. ஆண்டிஸ் மலைத்தொடரின் வெப்பமண்டலப் பகுதியில் பகல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரமே. அங்கே பழகிய செடி 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தபோது, 16 மணி நேரம் நீளும் கோடைப் பகலை எதிர்கொண்டது. கோடை முழுவதும் அது தழைத்துப் பூத்தது. பகல் சுருங்கும் செப்டம்பருக்குப் பிறகே கிழங்கு பிடிக்கத் தொடங்கியது. அதற்குள் உறைபனி வந்து தழையைக் கருக்கியது. நீண்ட காலம் அது தோட்டத்து அரிய செடியாகவே இருந்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெடும்பகலிலும் கிழங்கு பிடிக்கும் வகைகள் மெல்ல மெல்லவே பரவின. பகல்நீளத்தைக் கணிக்கும் பொறிமுறையில் உள்ள சிடிஎஃப்1 என்னும் மரபணுவின் மாற்றுருவங்கள் இதற்குக் காரணம் என 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. பழைய உலர்செடித் தொகுப்புகளை ஆராய்ந்து 2019இல் வந்த மற்றோர் ஆய்வு, 1650 முதல் 1750 வரையிலான ஐரோப்பியச் செடிகளில் அந்த மாற்றுருவங்கள் இல்லை, 19ஆம் நூற்றாண்டுச் செடிகளில் அவை காணப்படுகின்றன என்றது.

தமிழ் நிலங்களில் காரணங்கள்

உதகமண்டலம் 11 பாகை வட அட்சத்தை ஒட்டி இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலும் அங்கே 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. எனவே நெடும்பகல் என்னும் காரணம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பெரும்பாலும் பொருந்தாது. அங்கே முதலில் ஐயப்பட வேண்டியது தழைச்சத்தை.

மலைப்பகுதி உருளைக்கிழங்குக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, 240 கிலோ மணிச்சத்து, 120 கிலோ சாம்பல் சத்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. பாதியை நடவின்போதும் மீதியை 30ஆம் நாளிலும் இட வேண்டும். மணிச்சத்து இருமடங்கு இருப்பதற்குக் காரணம், நீலகிரியின் அமில மண் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு செடிக்கு எளிதில் தராததே. தழைச்சத்தின் கதை வேறு. கேரட்டும் முட்டைக்கோசும் மாறி மாறிப் பயிராகும் நிலத்தில் முந்தைய பயிருக்கு இட்ட உரத்தின் மிச்சம் கிடக்கும். அதன்மேல் கோழி எருவும் யூரியாவும் சேர்ந்தால், செடி தனக்குத் தேவையான பருவத்தைத் தாண்டியும் தழைச்சத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எருவில் இருக்கும் தழைச்சத்தைக் கணக்கில் கழிக்காமல் பரிந்துரை உரம் முழுவதையும் இடுவதே மிகைத் தழைக்கு மிகப் பொதுவான வழி. மண் பரிசோதனை இல்லாமல் இதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது ஒளிக்குறைவு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் மேகம் மூடிக் கிடக்கும் சரிவுகளிலும், மர நிழல் விழும் ஓரங்களிலும், நெருக்கி நட்ட பார்களிலும் செடிகள் ஒளியைத் தேடி நீளுகின்றன. தழைச்சத்தால் நீண்ட செடியையும் நிழலால் நீண்ட செடியையும் பார்த்தே பிரித்துவிடலாம். முதலாவதன் தண்டு தடித்தும் இலை அகன்று கரும்பச்சையாகவும் இருக்கும். இரண்டாவதன் தண்டு மெலிந்து, கணுவிடை நீண்டு, இலை வெளிறியிருக்கும்.

சமவெளியில் முதன்மையானது இரவு வெப்பம். கிழங்கு பிடிக்க 15 முதல் 20 பாகை செல்சியஸ் உகந்தது. இரவு வெப்பநிலை 20 பாகைக்கு மேலே போகப் போக அது தடைப்படுகிறது. ஓசூர்ப் பக்கம் குளிர்காலப் பயிராகவும், யாழ்ப்பாணத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் மார்கழி, தைக் குளிரை நம்பியும் உருளைக்கிழங்கைப் பயிரிடுவது இதனால்தான். நடவு தள்ளிப்போனால் கிழங்கு பிடிக்க வேண்டிய வாரங்கள் வெப்பத்தில் விழும். இந்தியாவில் 2006இல் வெளியான குஃப்ரி சூர்யா போன்ற வெப்பம் தாங்கும் வகைகள் இதற்கென்றே உருவாக்கப்பட்டவை.

விதைக்கிழங்கின் வயதைப் பலர் கவனிப்பதில்லை. உறக்கம் அப்போதுதான் கலைந்த இளம் விதைக்கிழங்கு, தூருக்குச் சில தண்டுகளை மட்டுமே விட்டு, ஓங்கி வளர்ந்து, தாமதமாகக் கிழங்கு பிடிக்கும். நன்கு முதிர்ந்து பல முளைகள் விட்ட விதைக்கிழங்கு குட்டையான செடிகளைத் தந்து விரைவில் கிழங்கு பிடிக்கும். உறக்கம் கலைக்க ஜிப்ரெலிக் அமிலத்தில் நனைக்கும் வழக்கமும் உண்டு. அளவு சற்றே கூடினாலும் முளை மெலிந்து நீண்டு, செடி இளமையிலேயே ஒடிசலாகிவிடும்.

வகையின் இயல்பையும் மறக்கக் கூடாது. 120 நாள் வகையை 80 நாள் வகையோடு ஒப்பிட்டு, தழை மிகுந்துவிட்டது என்று கவலைப்படுவதில் பொருளில்லை. காலம் கிடைத்தால் ஓங்கி வளர்ந்த பின்பருவ வகையே கூடுதல் விளைச்சல் தரும்.

தூரைத் திறந்து பார்த்தல்

நட்டு 45 முதல் 60 நாளுக்குள் இரண்டு மூன்று செடிகளின் தூரில் மண்ணைக் கையால் மெல்ல விலக்கிப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும். மண்வெட்டியோ கொத்தோ வேண்டாம். ஓடுதண்டு எளிதில் ஒடியக்கூடியது. நுனிகள் வீங்கத் தொடங்கியிருந்தால் செடி திசைமாறிவிட்டது; மேலே எவ்வளவு உயரம் இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஓடுதண்டுகள் நீண்டு, நுனி மெலிந்தே இருந்தால் தாமதம் தொடர்கிறது. சில ஓடுதண்டுகள் மண்ணுக்கு மேலே வந்து இலை விட்டிருந்தால், கிழங்கு பிடிக்கச் சொல்லும் சமிக்ஞை இன்னும் போதுமான அளவு வரவில்லை என்று கொள்ளலாம். பார்த்து முடித்ததும் மண்ணைத் திரும்ப அணைத்துவிட வேண்டும்.

தழை மண்டி, இலைக்கணுக்களில் பச்சையான சிறு கிழங்குகள் தொங்கினால் கதை வேறு. ரைசோக்டோனியா பூஞ்சை போன்றவை தண்டின் அடியைத் தாக்கி, இலையிலிருந்து சர்க்கரை கீழிறங்கும் வழியை அடைப்பதால் இது நேர்கிறது. அதற்கு நோய் மருத்துவம்தான் வேண்டும். உரத்தைக் குறைத்துப் பயனில்லை.

செய்யத் தக்கவை

தழைச்சத்தை உடனே நிறுத்த வேண்டும். மேலுரமாகவும் இலைத்தெளிப்பாகவும் தரக் கூடாது. சாம்பல் சத்தைக் கூட்டினால் தழைச்சத்தின் மிகை சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மண்ணில் சாம்பல் சத்துக் குறை இருந்தால் அதை ஈடுசெய்வது நல்லதே. ஆனால் உறிஞ்சிய தழைச்சத்தை அது வெளியேற்றாது.

மண் அணைத்தலை விடக் கூடாது. சாயும் தண்டுக்கு அது தாங்கல். மேலெழும் ஓடுதண்டுகளை மூடும். வெயில் பட்டுக் கிழங்கு பச்சையாகிச் சோலனைன் நச்சு சேர்வதைத் தடுக்கும். வீட்டுத் தோட்டத்திலும் மாடித் தோட்டப் பைகளிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டித் தழையை நிமிர்த்தலாம். நீரைச் சீராகத் தர வேண்டும். தழையை அடக்க நினைத்துக் காயவிட்டால் கிழங்கு பிடிப்பதே கெடும், சொறி நோயும் கூடும்.

மிகுந்த கவனம் பின்பருவ இலைக்கருகல் நோய்க்கு உரியது. மண்டிய தழைக்குள் பனியும் மழையும் நெடுநேரம் காயாமல் நிற்கும். இந்நோயை உண்டாக்கும் ஃபைட்டோஃப்தோரா கிருமிக்கு அதுவே வேண்டியது. குளிர்ந்த மழைநாள்களில் உள்ளடுக்கு இலைகளின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்ப்பது, பயிரையே காப்பாற்றக்கூடிய வேலை.

செடியின் உச்சியை வெட்டலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. உணவுக்கான பயிரில் வெட்டக் கூடாது. கிழங்கில் மாச்சத்தாகச் சேரும் உணவு இலையில் உருவாவது. வெட்டினால் பக்க மொட்டுகள் கிளம்பி, இருக்கும் உணவையும் அவை எடுத்துக்கொள்ளும். கத்தி வழியே உருளைக்கிழங்கு எக்ஸ் வைரஸ் போன்றவை செடிக்குச் செடி தொற்றும். வட இந்தியச் சமவெளியில் விதைக்கிழங்கு உற்பத்தியின்போது ஜனவரியில் தழையை அறவே வெட்டுவது உண்மைதான். அங்கே நோக்கம் வேறு: அசுவினி பெருகி வைரஸைப் பரப்புமுன் பயிரை முடித்து, கிழங்கை விதை அளவிலேயே நிறுத்துவது. அந்த முறையைப் பார்த்துக் கறிக்கிழங்குப் பயிரில் கத்தி வைத்தால் இழப்புதான் மிஞ்சும். தழையை மிதித்துச் சாய்ப்பதற்கும் இதுவே பொருந்தும்.

பாக்லோபியூட்ரசால் போன்ற வளர்ச்சி அடக்கிகள் ஜிப்ரெலின் உருவாவதைத் தடுப்பவை. உயரத்தைக் குறைக்கவும் செய்யும். ஆனால் பாக்லோபியூட்ரசால் மண்ணில் நெடுநாள் தங்கி அடுத்த பயிரையும் குட்டையாக்கும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே விளையும் பயிரில், அதிலும் வீட்டுத் தோட்டத்தில், அதைத் தொடாதிருப்பது நல்லது.

அறுவடையைத் தள்ளிவைப்பதே பெரும்பாலும் கைகொடுக்கும். மழையோ வெப்பமோ குறுக்கிடாதவரை, தழை தானாக மஞ்சளாகும்வரை கிழங்கு பருத்துக்கொண்டே இருக்கும். பருவம் முடிந்தும் தழை பச்சையாகவே நின்றால், அப்போது தரையோடு வெட்டி அகற்றி, 10 முதல் 15 நாள் கிழங்கை மண்ணிலேயே விட வேண்டும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாலும் தோல் உரியாத நிலை வந்ததும் தோண்டலாம். தழைச்சத்து மிகுந்த வயலின் கிழங்கில் தோல் முதிர நாள் கூடுதலாகும். உலர்பொருளும் குறைவாக இருக்கும். அத்தகைய கிழங்கை இருப்பு வைக்காமல் முதலில் விற்றுவிடுவதோ சமைத்துவிடுவதோ நல்லது.