மொறிஸ் உடலும் யப்பானிய என்ஜினும்

1924 இல் கல்லடியில் லேடி மனிங் பாலமும், 1928 இல் புகையிரதமும் வந்துசேர்ந்தபின், அதுவரை தோணியையும் மாட்டுவண்டியையுமே பெரிதும் நம்பியிருந்த மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் மோட்டார் வாகனத்தின் பிரவேசம் இலகுவாயிற்று. ஆயினும் வாகனம் வந்த வழியாகவே அதன் உதிரிப்பாகமும் வரவேண்டியிருந்தமையால், கொழும்பில் தட்டுப்பாடு என்றால் இங்கே அது இருமடங்காயிற்று.

1960களின் ஆரம்பத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி முடங்கி, 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு உச்சத்தை எட்டியபோது, தேசத்தில் எஞ்சியிருந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிஜ் முதலிய பிரித்தானிய வாகனங்கள், தேய்ந்த சிலிண்டரைக் கடைந்தும் ஒன்றின் உறுப்பை மற்றொன்றுக்குப் பூட்டியும் கராஜ்காரர் காட்டிய சாமர்த்தியத்தினாலேயே ஜீவித்தன.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் நிலைமை மாறிற்று. யப்பானில் கட்டாயப் பரிசோதனைக்கு ஆகும் செலவை அஞ்சிப் பலர் பழைய காரை விரைவில் கழித்துவிடுவதனால், அதிகம் உழைக்காத என்ஜின்கள் அங்கே மலிந்தன. அவை கப்பலேறிக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் குவிந்தன. மொறிஸ் மைனரின் உடலுக்குள் 1,171 கன சென்ரிமீற்றர் டட்சன் என்ஜின் குடிபுகுவது இலங்கையில் சர்வசாதாரணமாயிற்று. 1952 இல் ஒஸ்ரினுடன் ஒப்பந்தம் செய்து அக்கம்பனியின் கார்களைக் கட்டித் தொழில்நுட்பம் பயின்ற நிசானின் என்ஜின், பிரித்தானியக் காருக்கே உயிரூட்ட வந்தமை சரித்திரத்தின் ஒரு விநோதம்.

என்ஜினை மட்டும் வாங்குவது விவேகமன்று. கியர்பொக்ஸ், ஸ்டாட்டர், காபரேட்டர், மவுண்டிங் அனைத்தையும் சேர்த்து வாங்காவிடின், ஒரு சிறு துண்டுக்காக மட்டக்களப்பிலிருந்து மறுபடியும் கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றர் பிரயாணம் செய்யவேண்டிவரும். அதன்பின்னும் என்ஜின் தாங்கிகளை வெல்டிங் செய்தல், புரொப்பெல்லர் சாஃப்ட்டை நீளம் பார்த்து வெட்டி இணைத்தல், கூடிய வேகத்துக்கேற்ப பிரேக்கைப் பலப்படுத்தல் ஆகியன உள்ளூர்ப் பட்டறையின் கைங்கரியங்கள்.

பழைய என்ஜினைப் பயனற்றதென்று தள்ளவும் இயலாது; யுத்தகாலத்தில் பெற்றோல் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில், அமுக்க விகிதம் குறைந்த அதே பிரித்தானிய என்ஜின்கள்தாம் மண்ணெண்ணெயில் ஓடின.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 வரை அத்தடை நீடித்தபோது, பழைய வாகனங்களின் பெறுமதி முன்னெப்போதுமில்லாதவாறு உயர்ந்தது. பதிவுப் புத்தகத்தில் சசி இலக்கம் நிலைத்திருக்க என்ஜின் இலக்கம் மாறிய ஆண்டினை நோக்குபவன், அவ்வாண்டில் நமது துறைமுகம் எதற்குத் திறந்திருந்தது, எதற்கு மூடியிருந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்கிறான்.