ஆற்றங்கரையில் ஒரு மருந்துக் கிடங்கு

சிங்கப்பூரின் கிளார்க் கீ எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஆற்றோரமாகச் சிறிது தூரம் மேலே போனால் மேகசின் சாலை வரும். நீளமில்லாத சாலை. 1876இல் எழுந்த தான் சி சோங் சூ என்ற சீனர் கோயிலைத் தவிரப் பழமை சொல்ல அங்கே அதிகம் எதுவும் மிஞ்சவில்லை. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மேகசின் என்றால் இன்று நமக்குப் பத்திரிகை. அந்தக் காலத்துப் பட்டாளத்துக்கு அது பீரங்கி மருந்தையும் துப்பாக்கி மருந்தையும் பூட்டிவைக்கும் கட்டடம். தமிழில் மருந்துக் கிடங்கு. அப்படியொரு கிடங்கு இந்தக் கரையில் இருந்ததால்தான் சாலைக்கு இந்தப் பெயர்.

அதை ஒட்டி ஆற்றைக் கடப்பது ஆர்ட் பாலம். 1886இல் கட்டப்பட்டு, கவர்னர் ஹாரி செயின்ட் ஜார்ஜ் ஆர்டின் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு முன் அங்கிருந்த நடைபாலத்தை ‘ஆர்ட்னன்ஸ் பாலம்’, அதாவது படைக்கலப் பாலம் என்றார்கள். பக்கத்தில் கள்ளுக்கடைகள் இருந்ததால் ‘கள்ளுப் பாலம்’ என்றும் பெயர். சாலையையும் பாலத்தையும் சேர்த்து வாசித்தால் பட்டாளத்தின் சரக்கு எந்த வழியாக நடமாடியது என்பது தெரிந்துவிடுகிறது.

1819 ஜனவரி இறுதியில் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் இந்த ஆற்று முகத்துவாரத்தில் இறங்கிய பிறகு, முதல் சில ஆண்டுகள் சிங்கப்பூர் ஆங்கிலேயருக்கு ஓர் எல்லைக் காவல் இடம், அவ்வளவுதான். பக்கத்து ரியாவில் டச்சுக்காரர்கள். அவர்களோடு 1824 மார்ச்சில் லண்டனில் உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை ஆங்கிலக் கொடி இங்கே நிலைக்குமா என்பதே சந்தேகம். ராஃபிள்ஸுடன் வந்தவர்கள் வங்காளப் படையைச் சேர்ந்த சுமார் 120 சிப்பாய்கள். அவர்களோடு கடைத்தெருக் கூட்டம் ஒன்றும் சேர்ந்தே இறங்கியது: சலவைக்காரர்கள், தேநீர் போடுபவர்கள், பால்காரர்கள், வேலையாட்கள். பீரங்கிகளைப் பற்றி எழுதிய அளவுக்கு இவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஆனால் நூற்றிருபது பேர் ஒரு மாதம் தங்க வேண்டுமென்றால் முதலில் தேவைப்படுகிறவர்கள் இவர்கள்தான். சிங்கப்பூரின் இந்தியர் வரலாற்றைச் சிப்பாய்களிடமிருந்து தொடங்குவது வழக்கம். சிப்பாய்க்குத் துணி வெளுத்தவரிடமிருந்தும் தொடங்கலாம். அவர் துவைத்த பிராஸ் பசா ஓடையின் கரைதான் டோபி காட். இன்று மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் நிலையத்தின் பலகையில் அந்தத் தொழிலின் பெயர் தமிழ் எழுத்திலும் இருக்கிறது.

உணவுக்கும் உடைக்கும் முன்னால் தண்ணீர். ஆரம்ப ஆண்டுகளில் கப்பல்கள் நிரப்பிக்கொண்டது இன்றைய கேனிங் குன்றின் ஊற்றுநீரை. ஊர் பெருக அது போதவில்லை. நன்னீர்த் தட்டுப்பாடு கோயிலைக்கூட இடம் மாற்றியது. 1819 மே மாதம் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸின் கப்பலில் வந்த நாராயண பிள்ளை அம்மன் கோயில் கட்ட இடம் கேட்டபோது, முதலில் தெலுக் ஆயரில் கொடுத்தார்கள். பூஜைக்கு நல்ல தண்ணீர் அங்கே கிடைக்கவில்லை. கடைசியில் 1823இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இடம் அமைந்தது. 1827இல் மாரியம்மன் அங்கே குடியேறினாள்.

சரக்கை ஏற்றி இறக்கியவர்கள் யார்? 1822இல் வகுக்கப்பட்ட ஜாக்சன் நகரத் திட்டம் ஆற்றின் மேற்பகுதியை ஒட்டிச் ‘சூலியா கம்பம்’ என்று ஒரு பகுதியைத் தமிழ் முஸ்லிம்களுக்கு ஒதுக்கியது. கப்பல்கள் வெளியே நங்கூரமிட, தொங்கான்களில் சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவரும் தொழில் பல காலம் சூலியாக்களின் கையில் இருந்தது. பிறகுதான் சீனப் படகோட்டிகளிடம் போனது. வெடிமருந்துக் கிடங்கு ஊரின் நெருக்கத்தைவிட்டு விலகியும், படகு வந்து அணையும் தூரத்திலும் இருக்க வேண்டும். மேகசின் சாலை இருக்கும் ஆற்று வளைவு இரண்டுக்கும் பொருந்தியது.

அதே மருந்து ஒரு பெரும் இழப்புக்கும் காரணமானது. முகத்துவாரத்தில், இன்றைய ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் பக்கத்தில், ஆள் உயரத்தைவிடப் பெரிய மணற்பாறை ஒன்று நின்றது. அதில் ஐம்பது வரிகள் அளவுக்குக் கல்வெட்டு. 1843இல், ஃபுல்லர்ட்டன் கோட்டையைச் சார்ந்த கட்டுமானத்துக்கு இடம் வேண்டும் என்று அந்தப் பாறையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சிதறியதில் சில துண்டுகள் கல்கத்தாவுக்குப் போயின. ஒன்று திரும்பி வந்து தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.  அதிலுள்ள அரித்துப்போன எழுத்துகள் எந்த மொழி என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. கோட்டையும் நிலைக்கவில்லை. 1870களில் அது போய், அந்த இடத்தில் தபால் நிலையம் வந்தது.

1857இல் இந்தியாவில் வெடித்த சிப்பாய்க் கிளர்ச்சியின் அச்சம் இங்கேயும் தொற்றியது. மறு ஆண்டு மதராஸ் எஞ்சினியர்ஸ் பிரிவைச் சேர்ந்த கேப்டன் காலியர் வந்தார்; 1859இல் தொடங்கி 1861க்குள் ஊற்றுநீர் தந்த அந்தக் குன்றின்மேல் கேனிங் கோட்டையை எழுப்பினார். ஆற்றுக்குத் தெற்கே இருந்த பேர்ல்ஸ் ஹில்லும் பட்டாளத் தேவைக்கு வேண்டியதாயிற்று. அங்கிருந்த ஏழைகள் மருத்துவமனையான டான் டோக் செங், 1861இல் சிராங்கூன் ரோடும் பாலஸ்டியர் ரோடும் சேரும் பக்கத்துக்கு மாறியது. நோயாளிகளை நகர்த்திப் பட்டாளத்துக்கு இடம் செய்தார்கள் என்பதை வரலாற்று நூல்கள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அந்த ஒரு வரி இன்னும் நீளமாக எழுதப்பட வேண்டியது.

சிராங்கூன் ரோட்டுப் பகுதி அப்போது புல்லும் நீரும் உள்ள சதுப்பு நிலம். மாட்டுக்கு ஏற்ற இடம். ஊரின் பாலும் இறைச்சியும் வண்டி மாடுகளும் அங்கிருந்து வந்தன. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம். பஃபலோ ரோடு அதன் ஆங்கில வடிவம். மாட்டு வியாபாரி பெலிலியோஸின் பெயரிலும் அங்கே ஒரு தெரு உண்டு.

இதற்கிடையே நீராவிக் கப்பல்களுக்கு ஆறு போதவில்லை. 1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கம்பெனி வந்தது, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பெரிய கப்பல்களும் நிலக்கரியும் அந்தப் பக்கம் நகர்ந்தன. கேனிங் கோட்டையும் துறைமுகத்தைக் காக்க முடியாத அளவு உள்ளே தள்ளியிருந்தது. அதன் பெரும்பகுதி 1907இல் இடிக்கப்பட்டது. குன்றின் உச்சியில் நீர்த்தேக்கம் கட்டி 1929இல் முடித்தார்கள்.

அந்தக் குன்றிலேயே, தரைக்கு ஒன்பது மீட்டர் கீழே, 1930களின் இறுதியில் ஒரு தளபதியக அறைத்தொகுதி கட்டப்பட்டது. 1942 பிப்ரவரி 15 காலை அதற்குள் பிரிட்டிஷ் படைத்தலைவர் ஜெனரல் பெர்சிவல் தம் தளபதிகளோடு உட்கார்ந்தார். பேச்சில் அடிபட்டவை பெட்ரோல் இருப்பு, விமான எதிர்ப்புக் குண்டுகளின் இருப்பு, உடைந்த குழாய்களிலிருந்து வீணாகிக்கொண்டிருந்த தண்ணீர். அன்று மாலையே ஜப்பானியரிடம் சரண்.