எழுதப்படாத குடும்பப் பெயர்: கொக்கட்டிச்சோலையின் குடிவழக்கு

ஆங்கிலேயரிடையே குடும்பப் பெயர் நிலைபெற்ற வரலாறு மிகப் பழமையானதன்று. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னரே அவ்வழக்கம் படிப்படியாகப் பரவிற்று. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியளவிலே பெரும்பாலான குடும்பங்கள் பரம்பரைப் பெயர் பெற்றிருந்தன. சிமித் என்பது கொல்லனையும், ஜோன்சன் என்பது ஜோனின் மைந்தனையும் குறிக்கும். எவ்வகைப் பெயராயினும் தந்தைவழிச் செல்வதே அங்கு மரபு. தமிழருக்கு இத்தகைய பெயர் இல்லையென்றும், தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டென்றும் பொதுவாகக் கூறுவர். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலையை அறிந்தோர் இக்கூற்றை அப்படியே ஏற்கமாட்டார்.

இங்கு ஒவ்வொருவருக்கும் ஒரு குடிப்பெயர் உண்டு. அது தாயிடமிருந்து வருவது. மகனும் மகளும் தாயின் குடியினரே. எனினும் அடுத்த தலைமுறைக்கு அதனைக் கொண்டுசெல்பவள் மகள் மட்டுமே. மகனின் மக்கள் அவன் மனைவியின் குடியைச் சேர்வர். இதனை 'வயிற்றுவார்' என மட்டக்களப்பார் வழங்குவர். ஒரே குடியினர் உடன்பிறந்தார் முறையினராதலால் அவர்களிடையே மணவினை இல்லை. கையொப்பத்திலோ பதிவேட்டிலோ இப்பெயர் இடம்பெறுவதில்லை. மணப்பேச்சிலும் கோயில் உரிமையிலுமே அது வெளிப்படும்.

உலகிப்போடிகுடி, காலிங்காகுடி, படையாட்சிகுடி என்பன இவ்வூர்த் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தோடு தொடர்புடைய முதன்மைக் குடிகள். போடி என்பது பெருநிலக்கிழாரைக் குறிக்கும் மட்டக்களப்புச் சொல். ஆகவே முதற்பெயர் ஒரு முன்னோனின் பெயரெனக் கொள்ளலாம். உலகநாச்சி என்னும் அரசியைப் பற்றிய மரபுக்கதையோடு அதனைப் பொருத்துவதற்கு ஒலியொப்புமை மட்டும் போதாது. காலிங்கா என்பது கலிங்க நாட்டை நினைவூட்டுகிறது. 1215 இல் இலங்கைமீது படையெடுத்த மாகனும் கலிங்கன் எனப்பட்டவனே. ஆயினும் ஒரு பெயர் ஒரு குடியேற்றத்துக்குச் சான்றாகிவிடாது. படையாட்சி, படைத்தொழிலைச் சுட்டுவது வெளிப்படை. போடியும் படைவீரனும் ஆடவர். அவர்தம் பெயரைச் சுமந்துவந்தோரோ பெண்கள். இம்முரண் சிந்திக்கற்பாலது.

இப்பெயர்கள் பரவிய முறையும் வேறானது. இங்கிலாந்தில் மணமகள் கணவனின் இல்லம் புகுந்து அவன் பெயரை ஏற்றாள். இங்கோ மணமகனே மனைவியின் வீடு செல்வான். பெற்றோர் தம் வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்கென அயலிலே வேறொன்று கட்டுவர். ஆதலின் பெண்வழிப் பெயர் ஒரு வட்டாரத்திலேயே செறிந்து நிற்க, ஆடவர் இடம்பெயர்வர். அங்கு மகனில்லாத குடும்பத்தின் பெயர் மறையும்; இங்கு மகளில்லாத குடும்பத்தில் அக்கிளை முடிவுறும். கேரளத்திலும் இதற்கோர் ஒப்புமை உண்டு: வி. கே. கிருஷ்ண மேனனின் பெயரிலுள்ள முதலெழுத்துக்குரிய வெங்ஙாலில், அவர் தாயின் தறவாட்டுப் பெயர். ஆனால் மலையாளிகள் அதனை எழுதினர், மட்டக்களப்பார் எழுதவில்லை.

கோயில் பொறுப்பாளரை வண்ணக்கர் என்பர். வண்ணக்கன் என்பது பண்டைத் தமிழில் நாணயம் பரிசோதிப்போனைக் குறித்த சொல். சங்கப் புலவர் சிலர் பெயரிலும் அது காணப்படுகிறது. இவ்வுரிமை தந்தையிடமிருந்து மகனுக்கன்றி, தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்வதே பழைய முறை. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிகள் உண்டென்பதும், பள்ளிவாசல் மரைக்காயர் பதவி குடிவாரியாக அமைந்ததென்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கன. இரு சமூகத்துக்கும் பொதுவான இம்மரபைச் சமயவேறுபாட்டை மட்டும் நோக்கும் வரலாறுகள் தவறவிடுகின்றன.

சொத்துரிமையிலும் இம்முறை நின்றது. முக்குவர்ச் சட்டத்தைப் பிறிற்றோ 1876 இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதன் செல்வாக்கை அகற்றிவிட்டது. தேசவழமை யாழ்ப்பாணத்தாருக்கு நிலைத்ததுபோல இது நிலைக்கவில்லை. நிலத்தைப் பிரிந்த குடிப்பெயர் மணத்தையும் கோயிலையும் மட்டுமே பற்றி நின்றது.

எழுதப்படாத பெயருக்கு முதியோரின் நினைவே பதிவேடு. கொக்கட்டிச்சோலைப் பகுதியில் 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் நிகழ்ந்த படுகொலைகளும், 2007 இன் பெரும் இடப்பெயர்வும் அப்பதிவேட்டின் ஏடுகள் பலவற்றைக் கிழித்தன. வீடு அழிந்தவிடத்துச் சீதனவீட்டு முறையும் தளர்வுறும். புலம்பெயர்ந்தோர் நிலை இன்னும் வேறு: அயல்நாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் தந்தையின் பெயரே எழுதப்படுகின்றது. தாயின் குடியைக் கேட்கும் கட்டம் அதில் இல்லை.