வட ஆர்க்காடு: எல்லை மாற்றங்களும் குடிவழித் தேடலும்

வட ஆர்க்காடு, சென்னை மாகாணத்தில் இருந்த ஒரு மாவட்டம். 19, 20ஆம் நூற்றாண்டுகளில் நேட்டாலுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழ், தெலுங்குக் குடும்பங்களில் கணிசமானவை இம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. தென்னாப்பிரிக்காவிலும் பிஜியிலும் வாழும் அவர்களது வழித்தோன்றல்கள் பூர்வீக ஊரைத் தேடும்போது பழைய ஆவணங்களில் அடிக்கடி காணும் பெயர் இது. இன்று இப்பெயரில் மாவட்டம் இல்லை. அதன் நிலப்பரப்பு தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களில் பல மாவட்டங்களாகப் பிரிந்துள்ளது.

தோற்றமும் 1911ஆம் ஆண்டுப் பிரிவினையும்

1801இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததைத் தொடர்ந்து இம்மாவட்டம் உருவானது. சித்தூர் அதன் தலைநகராக இருந்தது. வேலூர், ஆர்க்காடு, வாலாஜா, குடியாத்தம், போளூர், வந்தவாசி ஆகியவற்றுடன் சித்தூர், சந்திரகிரி, பலமநேர் தாலுகாக்களும் காளஹஸ்தி, கார்வெட்டிநகரம், புங்கனூர் ஜமீன்களும் இதில் அடங்கின.

1911 ஏப்ரலில் வடபகுதியைப் பிரித்து, கடப்பை மாவட்டத்தின் சில தாலுகாக்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. வேலூர் வட ஆர்க்காட்டின் தலைநகரானது. சேலம் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூரும் தென் ஆர்க்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் வட ஆர்க்காட்டில் சேர்க்கப்பட்டன.

மாநில எல்லையும் திருத்தணியும்

1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தையும் எல்லைச் சிக்கலில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையையும் தொடர்ந்து, 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது.

எல்லை மாற்றம் ஒரே ஊரின் முகவரியை எப்படி மாற்றும் என்பதற்குத் திருத்தணியே தெளிவான சான்று. 1911க்கு முன் அது வட ஆர்க்காட்டில் கார்வெட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்தது. பின்னர் சித்தூர் மாவட்டம். 1960இல் செங்கல்பட்டு மாவட்டம். 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். குடும்பம் வீட்டைவிட்டு நகராமலே தாத்தா, தந்தை, மகன் மூவரின் ஆவணங்களிலும் வெவ்வேறு மாவட்டப் பெயர்கள் இருக்கக்கூடும்.

எஞ்சிய வட ஆர்க்காடு 1989இல் இரண்டாகி, திருவண்ணாமலைப் பகுதி தனி மாவட்டமானது. மற்றொரு பகுதி பின்னர் வேலூர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 2019இல் அதிலிருந்து இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிரிந்தன. ஆந்திரத்திலும் 2022இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, சந்திரகிரியும் காளஹஸ்தியும் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தன.

கப்பல் பதிவேடுகள்

ஒப்பந்தக் கூலிகளுடன் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16இல் நேட்டாலின் டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தத்தில் சென்றனர். ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம் எனப் பத்திகள் உண்டு. எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ஊர்ப்பெயர்கள் பல உருக்குலைந்திருக்கும். புதூர், நல்லூர் போன்ற பெயர்கள் தாலுகாதோறும் உண்டு. ஆகவே ஊரைவிடத் தாலுகாப் பத்தியே உறுதியான பிடி.

சித்தூர் மாவட்டம் பிறந்த 1911ஆம் ஆண்டிலேயே நேட்டாலுக்கான ஒப்பந்தக் குடியேற்றமும் நிறுத்தப்பட்டது. அதனால் நேட்டால் பதிவேடுகள் ஏறத்தாழ முழுவதும் பழைய எல்லைப்படியே அமைந்தவை. அவற்றில் 'வட ஆர்க்காடு' என்றிருந்தால், ஊர் இன்றைய ஆந்திரத்திலும் இருக்கலாம். 'சேலம்' என்றிருந்தால் இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்திலும் இருக்கலாம். பிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் 1916 வரை கப்பல்கள் சென்றதால், அங்குள்ள அனுமதிச் சீட்டுகளில் இரு வகை எல்லைகளும் கலந்து வரும். ஊர் இன்று ஆந்திரத்தில் இருப்பதை மட்டும் வைத்து மூதாதையர் தெலுங்கர் என்று முடிவு செய்வதும் தவறு. இது இருமொழிகளும் புழங்கிய நிலம்.

தேடும் முறை

முதலில் ஆவணத்தின் ஆண்டைக் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டின் தாலுகா எல்லையைப் பழைய மாவட்டக் கையேடுகளிலும் வரைபடங்களிலும் பார்க்க வேண்டும். அதன் பிறகே இன்றைய மாவட்டத்தைத் தீர்மானிக்க முடியும். மாகாண காலத்து ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், நிலம், பத்திரம், பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்கு இன்றைய தாலுகா, சார்பதிவாளர் அலுவலகங்களும் உரிய இடங்கள். ஜமீன் ஊர்கள் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே, உழவர் அரசுக்கு நேரடியாக வரி செலுத்தும் ரயத்துவாரி முறைக்கு வந்தன. ஆகவே அந்த ஊர்களின் முந்தைய நிலக்கணக்குகளைத் தேடுவோர், ஜமீன் கணக்குகளையும் விசாரிக்க வேண்டும்.

புதிய மாவட்டங்கள் பிரியும்போதெல்லாம் பழைய தாலுகாப் பெயரையும் சேர்த்துப் பதிவுகளை அட்டவணைப்படுத்துவது நிர்வாகத்தின் கடமை. அவ்வாறு செய்தால், தாய்மொழி அறியாத நான்காம், ஐந்தாம் தலைமுறையினரும் தம் முன்னோரின் ஊரைப் பிறர் உதவியின்றிக் கண்டறிய முடியும்.