நான்கு முனைகளும் அம்மாவின் குரலும்

ஸ்பீக்கருக்கு ஒரு சோடி வயரா, இரண்டு சோடியா? கடந்த கிழமை நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். கடையில் 'பை-வயரிங்' என்று சொல்லி விலைகூடிய வயரைக் காட்டினார்களாம். எனக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது.

காந்தத்தினுள் அசையும் கம்பிச்சுருளுக்கு வேர்னர் சீமென்ஸ் யேர்மனியில் காப்புரிமை கேட்டது 1877 இல். அதற்கு உயிர்கொடுக்க அம்பிளிபயர் அப்போது இல்லை. 1960களில் 'டின் 45500' என்ற யேர்மன் நியமம் வந்தது. ஹைபை என்று பெயர்போட வேண்டுமென்றால் அம்பிளிபயர் 40 முதல் 16,000 ஹேர்ட்ஸ் வரை ஒழுங்காகக் கொடுக்கவேண்டும். அக்கால யேர்மன் ஸ்பீக்கர் செருகியில் ஒரு ஊசி உருண்டை, மற்றது தட்டை. யார் பூட்டினாலும் மாறிக் குத்தமுடியாது!

1980களில் நான்கு முனைகள் கொண்ட பெட்டிகள் பரவின. மேல் சோடி சிறிய ஸ்பீக்கருக்கு, கீழ்ச் சோடி பெரியதற்கு. இரண்டையும் தகடுகள் இணைக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு அம்பிளிபயரிலிருந்து தனித்தனி வயர் இழுப்பதுதான் பை-வயரிங்.

1993 இல் அப்படியொரு சோடிப் பெட்டியைத் தெருவோரத்தில் கண்டெடுத்தேன். இங்கே பழைய சாமான்களை வாசலில் வைக்கும் நாள் உண்டல்லவா? அந்தக் கிழமைதான் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா பேசிய கசெற் கைகளுக்கு மாறி மாறி வந்து சேர்ந்திருந்தது. அங்கே மின்சாரமில்லை, பற்றரிக்கும் தடை. தம்பி சைக்கிளை மிதிக்க, டைனமோவில் பதிந்த குரல்.

போட்டேன். 'ஸ்... ச்...' என்று காற்றுத்தான் வந்தது. அம்மா இல்லை! பெட்டி பழுது என்று எறியப் போனேன். ஊரில் றேடியோ திருத்திய அறைத்தோழர் பின்பக்கம் பார்த்துச் சிரித்தார். தகடுகளைக் காணவில்லை, நான் மேல் முனைகளில் மட்டும் பூட்டியிருந்தேன். பெண்குரலின் அடிநாதம் 200 ஹேர்ட்ஸ் அளவில். அது கீழ்ச் சோடிக்கு உரியது. துண்டு வயர்களால் மேலையும் கீழையும் இணைத்தார். "தம்பி, சாப்பிட்டியோ?" என்று அம்மா கேட்டார். அறையில் ஒருவரும் பேசவில்லை.

நண்பருக்குச் சொன்னேன்: 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் மூன்று மீற்றர் ஓடினால், போகவர மொத்தத் தடை 0.05 ஓமும் வராது. ஸ்பீக்கரோ 4 அல்லது 8 ஓம். இரண்டாவது சோடி இதில் எதை மாற்றப்போகிறது? தகடு இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சக் காசுக்கு ஊருக்கு ஒரு கோல் எடுங்கள்.