சிலிம் ரிவர்ப் போரும் பெயரறியா நடுகல்லும்

பேராக் மாநிலத்தின் தென்கோடியிலுள்ள சிலிம் ரிவர், இரண்டாம் உலகப் போர் பற்றிய நூல்களில் தவறாது இடம்பெறும் ஊராகும். 1942ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள், விடியுமுன் நிலவொளியில் சப்பானிய டாங்கிகள் துரோலாக் வழியே நெடுஞ்சாலையில் பாய்ந்தன. சில மணி நேரத்தில் சிலிம் ஆற்றுப் பாலம் அவர்கள் வசமாயிற்று. 11ஆம் நாள் கோலாலம்பூரும் வீழ்ந்தது.

இத்தோல்விக்குக் காரணம் பல கூறுவர். அவற்றுள் நம்மவர் கருதத்தக்கது ஒன்றுண்டு. நெடுஞ்சாலையின் வளைவுகளை நிமிர்த்தியபோது கைவிடப்பட்ட பழைய சாலைத் துண்டுகள் ரப்பர்க் காட்டினுள்ளே கிடந்தன. காத்து நின்ற படை அவற்றைப் பொருட்படுத்தவில்லை. டாங்கிகளோ அவ்வழியே புகுந்து பக்கத்தினின்று தாக்கின. அச்சாலைகளை நன்கறிந்தவர் பால்மரம் வெட்டச் சென்ற தோட்டத் தொழிலாளரே. அவர்களை யார் கேட்டார்கள்?

அங்கே போரிட்டவர்கள் ஐதராபாத், பஞ்சாப் படையணியினரும், கூர்க்காக்களும், ஆர்கைல் என்னும் ஸ்காட்லாந்துப் படையினரும் ஆவர். போர் முடிந்தபின் போர்க்களங்களிலும் ஊர்களிலும் புதைக்கப்பட்டிருந்த உடல்கள் பல தைப்பிங் போர்க் கல்லறைக்குக் கொண்டுவரப்பட்டன. அங்குள்ள 850க்கும் மேற்பட்ட கல்லறைகளுள் 500க்கு மேற்பட்டவை இன்னார் என்றறியப்படாதவை. எனினும் கல்லறை அறியப்படாதோர் பெயர்களைச் சிங்கப்பூர்க் கிராஞ்சி நினைவுச் சுவர்களில் காணலாம். அங்கே 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. படைவீரன் எங்கே மாண்டான் என்பது தெரியாதபோதும் அவன் பெயர் படைப் பதிவேட்டில் இருந்தது. அதனால் கல்லிலும் ஏறியது.

போர் கடந்துசென்ற பிறகு தோட்டங்களில் நேர்ந்தது வேறு. சப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதை போடுவதற்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளரைக் கொண்டுசென்றனர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. பசி, வாந்திபேதி, மலேரியா, சிரங்குப்புண் என்பவற்றால் அவர்கள் மாண்டனர். போர்க்கைதிகளுள் இறந்தோர் 12,000க்கு மேற்பட்டோர் எனக் கணக்கிட்டு, காஞ்சனபுரி முதலிய இடங்களில் பெயரிட்ட கல்லறை அமைத்தனர். தமிழருள் இறந்தோர் எத்தனை பேர் என்பதிலோ மதிப்பீடுகள் பல்லாயிரம் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டைவிடக் கொடிய சான்று வேண்டுமோ?

வீரனுக்குக் கல் நடுவது தமிழர்க்குப் பழைய வழக்கம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கும். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களிலும் மாண்டவன் பெயர் உண்டு. ஊரின் ஆநிரைக்காகப் பொருதவனையே அவன் பெயர் சொல்லி நினைத்த மரபு அது.

‘அவர்கள் கூலிகள்தாமே, நடுகல் அவர்க்கு ஏற்குமா?’ என்று புலவர் ஒருவர் ஐயுறலாம். இவ்வையம் இலக்கணத்துக்குப் பொருந்தும், மனத்துக்குப் பொருந்தாது. 2023இல் காஞ்சனபுரியின் தாவோன் விகாரையில் தமிழர்க்கென நினைவுக்கல் எழுப்பியவர்கள் அதனை நடுகல் என்றே பெயரிட்டனர். அப்பெயரை நான் ஏற்கிறேன். பெயர்கள் இல்லாத நடுகல் பாதி நடுகல் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெயர்கள் இல்லாமற் போகவில்லை. நாள்தோறும் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் கங்காணி அவற்றை உரக்கக் கூப்பிட்டார். கிராணி செக்ரோலில் எழுதினார். பின்னர்த் தோட்டத் துண்டாடலில் குடும்பங்கள் சிதறின. இன்று அப்பெயர்கள் பேரப்பிள்ளைகளின் நினைவிலேயே உள்ளன. இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவரை வீட்டிற்கேட்டு எழுதிவரச் சொல்லலாம்: பாட்டனார் பெயர், தோட்டத்தின் பெயர், சயாமுக்குப் போன காலம், உடன்சென்றவர் யார், திரும்பி வந்தவர் யார்.