இரண்டு பணமும் ஒரு மரத்தடியும்



பெரும்பாடுள்ள ஸ்திரீயைப் பற்றி எழுதுகையில், மாற்கு அவளுடைய நோயை மட்டுமன்று, அவளுடைய செலவையும் குறித்து வைத்தார் (மாற்கு 5:26). கைப்பொருள் முழுவதும் வைத்தியர்களிடம் போயிற்று, நோயோ முற்றியது.

சென்ற மாதம் நம் சபையின் மூதாட்டி ஒருவர் வீட்டில் ஜெபிக்கச் சென்றபோது அவ்வசனம் என் நினைவில் எழுந்தது. இரண்டு மாதமாக இருமலும் மாலைக் காய்ச்சலும் அவரை வாட்டின. அருகிலிருந்த தனியார் கிளினிக்கில் போகும்போதெல்லாம் ஊசி போட்டார்கள், மாத்திரை மாற்றினார்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும் என்பது அரசின் நெறிமுறை. அதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில்தான் அது காசநோய் எனத் தெரிந்தது.

நமது திருச்சபை வரலாறு இதற்கு வேறொரு மாதிரியை வைத்திருக்கிறது. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவ வேதனையில், பெண் மருத்துவர் இல்லாமையால் மரித்ததைக் கண்டு மருத்துவம் கற்றார். 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையோடு பணியைத் தொடங்கினார். பின்னர் குடியாத்தம் சாலையில் மோட்டார் வண்டியை நிறுத்தி, மரத்தடியில் காத்திருந்த ஏழைகளுக்கு மருந்திட்டார். அடுத்த வாரம் அதே மரத்தடிக்கு மீண்டும் சென்றார். புண் ஆறியதா என்று பார்ப்பதற்காகவே அந்த மறுவருகை.

அங்கு வளர்ந்த மருத்துவமனை கட்டணமே வாங்காத இடம் அன்று. செலுத்த வல்லவரிடம் பெற்று, இயலாதவரைத் தாங்குகிறது. மருத்துவர்க்கு அங்கே சம்பளமே உண்டு. ஊசியின் எண்ணிக்கைக்கேற்ப அவர் வருமானம் கூடுவதில்லை. காசு வாங்குவது குற்றமன்று. காசு, நோயாளியின் முகத்தை மறைக்கும்போதே பாவம் நுழைகிறது.

சட்டமும் தாமதித்தே வந்தது. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997-இல் தமிழகம் சட்டம் இயற்றியது. அதற்கான விதிகள் 2018-இல்தான் வந்தன. ஆயினும், பதிவுச் சான்று சுவரில் தொங்கலாம். கரிசனையைச் சட்டத்தால் தொங்கவிட இயலாது.

நல்ல சமாரியனும் சிகிச்சைக்குப் பணம் கொடுத்தான். இரண்டு பணம் கொடுத்ததோடு அவன் விலகவில்லை. திரும்பி வருவேன் என்றான் (லூக்கா 10:35). அந்த வாக்கே கவனிப்பின் அளவுகோல்.

காரைக்குடியில் நேர்மையோடு உழைக்கும் மருத்துவர்கள் பலர் உண்டு, அவர்களுக்காக ஸ்தோத்திரிப்போம். உங்கள் நோயின் பெயரைக் கேளுங்கள். மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு வாரம் இருமுகிறவர் உங்கள் தெருவில் இருந்தால், அரசு மருத்துவமனைக்கு அவரோடு செல்லுங்கள். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். அடுத்த வாரம் மறுபடியும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கர்த்தர் உங்களை அவ்வண்ணமே விசாரிப்பாராக. ஆமென்.